மெஷின் மூன்று என்கிறது

மார்ச் 4, செவ்வாய்

கார் சாவியைத் தொலைத்துவிட்டேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறவள் நான். எள்ளளவு திருகாணி கீழே விழுந்தாலும் மண்டி போட்டுத் தேடி எடுத்துவிடுவேன். உள்ளங்கை நீளச் சாவி எங்கே போனதென்று தெரியவில்லை. முதலாளி நாலு தடவை கேட்டார், "காலைல இருந்துச்சா?" என்று. காலையில் இருந்ததால்தானே வண்டி இங்கே வந்து நிற்கிறது!

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து அப்பாவின் சாவியை வாங்கிப் போய் வண்டியை எடுத்து வந்தேன். கண்ணில் அழுத்தம் வந்து அப்பா வண்டி ஓட்டுவதை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. ஆனாலும் குளித்து முடித்ததும் தன் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கொடுக்கும்போது, "பத்திரம், பெரியவளே" என்றார். நாற்பத்தாறு வயதில் இது எனக்குத் தேவைதான். இதே சின்னவள் தொலைத்திருந்தால், "சாவிதானேம்மா, போனாப் போகுது" என்றிருப்பார்.

மார்ச் 5, புதன்

கிடைக்கவில்லை. சோபாவின் அடித்துணியைக் கூடக் கிழித்துப் பார்த்தேன். ஒரு சீப்பும் மூன்று பேனா மூடிகளும் வந்தன.

மார்ச் 6, வியாழன்

சாவிக்காரரிடம் போனேன். கடை ஒரு அலமாரி அகலம்தான் இருக்கும். புது சாவிக்கு இரும்பை வெட்டுவது பெரிய வேலையில்லையாம். சாவிக்குள் ஒரு சிப் இருக்கிறது, அதை வண்டியின் ஞாபகத்தில் பதிய வேண்டும், அதுதான் வேலை என்றார். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு மெஷினைச் சொருகி, திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மூணு சாவி பதிஞ்சிருக்கு. கையில ஒண்ணு, தொலைஞ்சது ஒண்ணு. இன்னொண்ணு யார்கிட்டம்மா?"

"எங்க வீட்ல இருந்ததே ரெண்டுதாங்க."

"மெஷின் மூணுங்குது. வீட்ல கேட்டுட்டு வாங்க."

அவர் விளக்கியது இது. புது சாவியை மட்டும் சேர்த்தால் பழையவை எல்லாம் முன்போலவே வேலை செய்யும், தொலைந்ததும் சேர்த்து. எடுத்தவன் வண்டியை ஓட்டிப் போகலாம். அது வேண்டாமென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கையில் இருக்கும் சாவிகளை மட்டும் மறுபடி பதியலாம். அப்போது கொண்டுவராத சாவி எதுவானாலும் செத்துப் போகும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். ரேடியோவின் பேட்டரியை மாற்றிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "அது சின்னவகிட்ட இருக்கு. அதைத் தொடாத, இருக்கட்டும்" என்றார்.

"எப்ப குடுத்தீங்க?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"எதுக்கு?"

"இருக்கட்டும்னுதான்." ரேடியோ பாட ஆரம்பித்துவிட்டது.

இரண்டு வருடம்! டயர் மாற்றியது நான். மழைக்காலத்தில் பிரேக் பிடிக்காமல் அலைந்தது நான். கண் டாக்டர், பல் டாக்டர், முடி வெட்டும் கடை என்று அவரை ஏற்றி இறக்குவது நான். சாவி அவளுக்கா? மாதம் ஒரு தடவை வந்து அரை மணி நேரம் சிரித்துவிட்டுப் போகிறவளுக்கா? அவளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தது அப்பா. ஒன்றரை மாதம், தினமும் காலையில், பொறுமையாக. எனக்கு டிரைவிங் ஸ்கூல். "உனக்குச் சொல்லிக்குடுத்தா நமக்குள்ள சண்டை வரும்"னு சொன்னாரே. வரட்டுமே! சண்டை போட்டுக்கிட்டே கத்துக்கிட்டிருப்பேனே.

எனக்கு மட்டும் ஏன் சொல்லல?

மார்ச் 8, சனி

செய்துவிட்டேன்.

"மூணாவது கெடச்சுதா?" என்றார் சாவிக்காரர். "அதுவும் தொலைஞ்சதுதாங்க. அழிச்சிடுங்க" என்றேன். வாய் கூசவில்லை. அவர் அப்பாவின் சாவியையும் புது சாவியையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுத் திருகச் சொன்னார். திரையில் இரண்டு என்று வந்தது. "இனிமே இந்த ரெண்டுதான். மத்தது கதவைத் தெறக்கும், ஆனா இன்ஜின் கிளம்பாது."

தொலைந்த சாவி கண்டவன் கையில் கிடைத்தால் ஆபத்துதானே? பாதுகாப்புக்காகச் செய்ததுதானே? இப்படி எழுதிப் பார்த்தேன். எழுத நன்றாகத்தான் இருக்கிறது.

அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

சின்னவள் வந்தாள், மாப்பிள்ளையோடும் மகள் குட்டியோடும். மாப்பிள்ளை எப்போதும்போல் இறங்கி வந்து அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். ஒன்பது வருடமாக இதைப் பார்க்கிறேன். அவளை எங்கேயும் தனியாக விடுவதில்லை. கூட்டிப் போவதும் அவர்தான், கூட்டி வருவதும் அவர்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் அவ்வளவு பெரிய டைல்ஸ் கடையை வைத்துக்கொண்டு, நடுவில் நாலு தடவை போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்கிறார். என்னை அப்படிக் கேட்க இந்த உலகத்தில் ஒரு ஆள் இல்லை. கொடுத்து வைத்தவள் என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். சிரித்தாள்.

சமையலறையில் டீ போடும்போது பக்கத்தில் வந்து நின்றாள். "வண்டி நல்லா ஓடுதாக்கா?"

ஓடுது என்றேன்.

"திங்கக்கிழமையில இப்பவும் கடை வேன்லதான் போறியா?"

திங்கட்கிழமை எங்கள் கடை பள்ளிக்கூடங்களுக்குக் கண் பரிசோதனை செய்யப் போகும். வேன் வீட்டு வாசலுக்கே வரும், அன்றைக்குக் கார் வீட்டில் நிற்கும். ஆமாம் என்றேன். மேற்பார்வையா பண்றா? வண்டியை அப்பா தன் பேருக்கு மாற்றித் தரப்போகிறார், அதற்குள் அக்கா தேய்த்துவிடக் கூடாது என்ற கவலை போலிருக்கிறது. பர்ஸை எடுக்கப் பையைத் திறந்தாள். உள் ஜிப்பில் அந்தச் சாவி கறுப்பாகத் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே வந்தது. செத்த சாவியைப் பொக்கிஷம்போல் வைத்திருக்கிறாள்!

மாப்பிள்ளை வாசலில் இருந்து ஹாரன் அடித்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினாள்.

மார்ச் 12, புதன்

என் பழைய சாவி கிடைத்துவிட்டது. மழைக்கோட்டின் கை மடிப்பில் இருந்தது. முதல் நாளே அதை உதறியிருந்தால் மூன்றாவது சாவி பற்றி எனக்குத் தெரிந்தே இருக்காது. நிம்மதியாக இருந்திருப்பேன்.

மார்ச் 17, திங்கள்

வரிசையாக எழுத வேண்டும்.

வேன் என்னை வாசலில் இறக்கியதும் எதிர்வீட்டுத் தையல்காரம்மா கூப்பிட்டார். "காலைல உன் தங்கச்சி வந்துச்சே, பாத்தியா?"

"இல்லையே."

"உங்கப்பா லைப்ரரிக்குப் போன பத்தாவது நிமிஷம் வந்துச்சு. ரெண்டு பெரிய பை, கூடவே பொண்ணு, ஸ்கூல் யூனிஃபார்மோட. கதவைத் தெறந்து பையெல்லாம் கார்ல வெச்சுது. அப்புறம் வண்டி கிளம்பவே இல்ல. அரை மணி நேரம் உள்ளயே உக்காந்திருந்தாங்க. நான் இறங்கிப் போறதுக்குள்ள பையைத் தூக்கிக்கிட்டு நடந்து போயிடுச்சு. முகமே சரியில்லம்மா."

உள்ளே போனேன். அப்பா லைப்ரரியில் இருந்து வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். தையல்காரம்மா அவரிடமும் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

"சாவியை என்ன பண்ணின?" என்றார்.

சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"மாப்பிள்ளை அவளை அடிக்கிறான்" என்றார். "ரெண்டு வருஷம் முன்னாடி என்கிட்ட சொன்னா. இப்பவே வந்துடுன்னேன். நான் வந்தா முதல்ல அவன் இங்கதான் வந்து நிப்பான், கால்ல விழுவான், நீங்க எல்லாரும் சேர்ந்து என்னைத் திருப்பி அனுப்பிடுவீங்கன்னா. பஸ்ல போலாம்னா ஸ்டாண்டு வாசல்லயே அவன் கடை. போன்ல யார்கிட்டப் பேசினாலும் அவனுக்குத் தெரிஞ்சுடும். அதான் சாவியைக் குடுத்தேன். என்னிக்குத் தோணுதோ அன்னிக்கு யாரையும் கேக்காம எடுத்துக்கிட்டுப் போயிடுன்னு சொல்லி வெச்சேன்."

"என்கிட்ட ஏம்ப்பா சொல்லல?"

"அவதான் வேண்டாம்னா. அக்கா என்னைக் கொடுத்து வெச்சவன்னு நெனைக்கிறா, அவ ஒருத்தியாவது அப்படியே நெனைச்சிட்டுப் போகட்டும்னா."

சாப்பிடவில்லை. அவளும் குட்டியும் இரண்டு பெரிய பையோடு திரும்பி அந்த வீட்டுக்குத்தானே நடந்து போயிருப்பார்கள்? மாப்பிள்ளை கடையில் இருந்து வருவதற்குள் பையில் இருந்ததை எல்லாம் எடுத்துப் பழைய இடத்தில் வைத்திருப்பாளா? வைத்து முடித்திருப்பாளா? போன் பண்ணவும் முடியாது. கடவுளே, அவள் மேல் கை படாமல் இருக்க வேண்டும். நான் என்ன ஜென்மம்? சிரிச்சேனே. அவ பையில சாவியைப் பார்த்துச் சிரிச்சேனே.

மார்ச் 18, செவ்வாய்

லீவு சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை ஒன்பதரைக்குக் கடைக்குக் கிளம்புவார். பத்து மணிக்கு அவர்கள் வீட்டுப் பின்சந்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் போய்க் கதவைத் தட்டினேன். குட்டிக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கு அனுப்பவில்லை. சின்னவள் என்னைப் பார்த்ததும், "அப்பாவுக்கு என்னாச்சு?" என்றாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. அது நேற்றைக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வழியெல்லாம் என்ன சொல்வது என்று பாடம் பண்ணிக்கொண்டு போனேன். ஒன்றும் வரவில்லை. "உன் சாவியை நான்தான்டி அழிச்சேன்" என்று மட்டும் வந்தது. "அப்பா தொடாதன்னு சொன்னார். பொறாமையில பண்ணிட்டேன்."

அறைவாள் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"முதல்ல பேட்டரி போச்சுன்னு நெனச்சேன்க்கா. அப்புறம், அப்பா மனசு மாறிட்டாரு, வராதன்னு சொல்றாருன்னு நெனச்சேன்."

"அவர் நேத்துல இருந்து சாப்பிடலடி."

அதற்குத்தான் அழுதாள். நானும் அழுதேன். குட்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

புது சாவியை அவள் கையில் வைத்தேன். "இது கிளம்பும். டேங்க் நிரப்பியிருக்கு. எங்க போகணும்னு இருந்தியோ போ. என்கிட்டக் கூடச் சொல்லாத."

"நீ வேலைக்கு எப்படிப் போவ?"

"ஊர்ல பஸ்ஸே இல்லையா? எந்திரிடி."

பதினைந்து நிமிடத்தில் அவளும் குட்டியும் வண்டியில் ஏறிவிட்டார்கள். பைகள் நேற்றே கட்டியவை, கட்டிலுக்கு அடியில் இருந்தன. சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள், கண்ணாடியைச் சரிசெய்தாள். ஒன்பது வருடமாக ஸ்டீயரிங் தொடாதவள். அந்தப் பின்சந்தில் நான் மூன்று தடவை முன்னும் பின்னும் போனால்தான் வண்டி திரும்பும். அவள் ஒரே ஒடிப்பில் திருப்பிவிட்டாள். அந்த நேரத்திலும் எனக்கு வயிறு எரிந்தது. இதை இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

மார்ச் 19, புதன்

மாப்பிள்ளை வந்தார். அப்பா சொன்னபடியே முதலில் அழுகை, காலில் விழுதல். காலியாக இருந்த இடத்தைப் பார்த்து, "வண்டி எங்க?" என்றார். "சர்வீஸுக்குப் போயிருக்கு" என்றேன். பிறகு குரல் ஏறியது. தையல்காரம்மா துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலோடு வந்து எங்கள் வாசற்படியில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். மறுபடி வருவார். வரட்டும்.

மார்ச் 26, புதன்

பஸ்ஸில் நாற்பது நிமிடம். இன்று உட்கார இடம் கிடைத்தது.

சாயங்காலம் அப்பாவுக்கு ஏதோ ஒரு நம்பரில் இருந்து போன் வந்தது. சின்னவள்தான். கூடப் படித்தவள் நடத்தும் ஹாஸ்டலில் ஆபீஸ் வேலை, அங்கேயே ஒரு அறை, குட்டிக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார். பத்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம். நான் பக்கத்தில் நின்று துவைத்த துணியை மடித்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன். அவளுக்கு அப்பாதான். அவருக்கும் அவள்தான். அது மாறாது. இப்போதும் சுருக்கென்றுதான் இருக்கிறது, நான் ஒன்றும் திருந்திவிடவில்லை.

பிறகு அப்பா போனை என் பக்கம் நீட்டினார். "உன்கிட்ட ஏதோ கேக்கணுமாம்."

"அக்கா, ரெண்டாவது கியர் போடவே விட மாட்டேங்குது. எப்பவுமே இப்படித்தானா? அப்பாவுக்குத் தெரியல, உன்னைக் கேக்கச் சொல்றாரு."

"காலைல ஒரு அஞ்சு நிமிஷம் அப்படித்தான் அடம் பிடிக்கும். கிளட்ச்சை முழுசா அமுக்கி ஒண்ணு ரெண்டு எண்ணு. அவசரப்படாத, நல்லா கேளு, நான் சொல்றேன்" என்று சொல்லிக்கொண்டே போனைத் தூக்கிக்கொண்டு என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.