அம்மா நிறுத்திப் பேசினாள்

அன்புள்ள குட்டிமாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், அம்மாவின் நலம் மட்டும் கொஞ்சம் உரத்த குரலில் இருக்கிறது. உன் சளி விட்டதா, மாப்பிள்ளை சுகமா?

நீ அம்மாவைப் பிடிவாதமாகச் சேர்த்துவிட்ட மேடைப்பேச்சு வகுப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கின் மேலாளர் பதவி அம்மாவுக்கு இரண்டு முறை கைநழுவிப் போனது உனக்குத் தெரியும். வேலையில் குறையில்லை, அதிகாரிகள் எதிரே உட்கார்ந்தால் வாய் பூட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். வீட்டில் இந்தக் கோளாறு ஒருநாளும் தென்பட்டதில்லை என்பதால் நான் முதலில் நம்பவில்லை. வகுப்பு வாத்தியார் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகச் சொன்னாராம். கண்ணாடி கொட்டாவி விடாது, அதிகாரிங்க விடுவாங்க, அதனால நீங்களே உட்காருங்க என்றாள் அம்மா. அந்தத் தகுதியில் நான் தேர்வானேன். காலாவதியாகப் போகும் மருந்தை முன்கூட்டியே பிரித்து எந்த வார்டுக்கு அனுப்புவது என்று அவள் பேசக் கேட்டுக் கேட்டு, இப்போது கிடங்கை நானே நடத்துவேன். முக்கியமானதைச் சொன்னதும் நிறுத்தி, எதிரே இருப்பவர் கண்ணைப் பார்க்க வேண்டும் என்பது வாத்தியார் பாடம். சர்க்கரை தீர்ந்துபோச்சு என்று நிறுத்தி என் கண்ணையே பார்ப்பாள். நான் எழுந்து சட்டையை மாட்டிக்கொள்வேன்.

போன வாரம் நேர்காணல். நம்ம கிடங்குல மருந்து வீணாப்போறதை நிறுத்த முடியும் என்று நன்றாகத்தான் ஆரம்பித்திருக்கிறாள். அடுத்த வாக்கியம் வரவில்லை. முன்பென்றால் மன்னிப்புக் கேட்டு எழுந்து வந்திருப்பாள். இந்த முறை வேறு வழி தெரியாமல் பெரிய அதிகாரியின் கண்ணையே பார்த்திருக்கிறாள். நோண்டிக்கொண்டிருந்த போனை அவர் கீழே வைத்தார், பக்கத்திலிருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், எப்படிம்மா, சொல்லுங்க என்று பெரிய அதிகாரியே கேட்டுவிட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல உன் அம்மாவுக்கு என்றைக்குப் பயிற்சி தேவைப்பட்டது? நேற்று உத்தரவு வந்தது, இவள்தான் மேலாளர். இந்த வயதில், நினைத்தாலே நடுங்கும் ஒரு காரியத்தை, வேலை முடிந்த களைப்போடு பஸ் பிடித்துப் போய்க் கற்றுக்கொள்ள எனக்குத் துணிவு வந்திருக்காது. இதை அவளிடம் நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே, உரை நீளும்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள், வேளைக்குச் சாப்பிடு. தபாலை நம்பினால் ஞாயிறு தாண்டிவிடும் என்று இதை மின்னஞ்சலில் அனுப்புகிறேன். ஞாயிறு காலை அம்மா உன்னைக் கூப்பிடுவாள், விஷயத்தைத் தானே சொல்ல வேண்டுமாம், எனவே ஒன்றும் தெரியாதவள் போல இரு. ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்துவாள். லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே.

இப்படிக்கு,
சர்க்கரை வாங்கக் கிளம்பும்
அப்பா