குளத்துக்காகக் கட்டிய மாலை

அய்யா உண்டு

அன்பு மகள் அஜிதாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் அய்யா புண்ணியத்தில் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். குட்டிக்குச் சளி விட்டதா, ஏசியை அவள் முகத்துக்கு நேரே வைக்காதே. அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு, குளத்தை மூட நீங்களும் சம்மதமா அம்மா என்று போனில் கேட்டாய். அப்பா பக்கத்தில் இருந்ததால் நான் பேச்சை மாற்றிவிட்டேன். குளம் என்று யார் வாயெடுத்தாலும் அவர் எழுந்து போய்விடுகிறார், சாப்பாடும் சரியில்லை, சந்தைக்குப் பூ கொண்டுபோவதும் இப்போது நான்தான். அதனால்தான் எழுதுகிறேன். சம்மதமாம் சம்மதம், நல்லா கேட்டாய் போ.

நம்ம பூந்தோட்டத்துக்கு மேலே இருக்கிற வடக்குக் குளத்தை மண்ணடித்து மூடிவிட்டு, பஸ் நிறுத்தமும் கடைகளும் கட்டப் போவதாக மாசியில் பேச்சு வந்தது. குளம் போனால் நம்ம கிணற்றில் ஊற்று இருக்காது, அப்புறம் பிச்சிப்பூ ஏது, கேந்திப்பூ ஏது. ஊராட்சியில் பதவிக்காலம் முடிந்துபோய், தேர்தலும் நடக்காமல், இப்போது எல்லாம் அதிகாரிகள் கையில்தான். முன்பென்றால் வார்டு மெம்பராக இருந்த லீலாபாய் வீட்டு வாசலில் போய் நின்று சண்டையாவது போடலாம். இப்போது அவளும் நம்மோடு சேர்ந்து நிற்கிறாள், சண்டை போடக்கூட ஆளில்லை. தண்ணீர் தினத்துக்குக் கிராம சபை வைப்பார்கள், அங்கே ஊரே எழுந்து வேண்டாம் என்றால் அதைத் தீர்மானமாக எழுதித்தான் ஆகவேண்டும் என்று அவள்தான் சொன்னாள். நானும் அவளும் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் கூட்டினோம்.

சபை நடத்த ஒரு அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும்தான் உன் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. பூக்கட்டுகிற ஊருக்கு வாற மனுசனை வெறுங்கழுத்தோட இருத்தப்பிடாது, அது நமக்குத்தான் கொறச்சல், மரியாதை செஞ்சாத்தான் காது குடுத்துக் கேப்பான் என்றார். பொய் சொல்லக்கூடாது, எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கல்யாணமோ கட்சிக் கூட்டமோ, நம்ம ஊருக்கு வந்தவர் யாரையாவது மாலை போடாமல் அனுப்பியிருக்கிறோமா? நானே உட்கார்ந்து வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் மடித்து, இடையில் நொச்சி இலை வைத்து, மாணிக்கமாலை கட்டினேன். சாமிக்குக் கட்டுகிற மாதிரி பார்த்துப் பார்த்துக் கட்டினேன். சபையில் அப்பா அதை அதிகாரி கழுத்தில் போட்டார், எல்லாரும் கைதட்டினார்கள், போட்டோவும் எடுத்தார்கள். பிறகு லீலாபாய் எழுந்து குளம் வேண்டும் என்றாள். நானும் எழுந்தேன். கிணறு, தோட்டம், நம்ம பிழைப்பு எல்லாம் சொன்னேன். அவர் மாலையைக் கழற்றாமல் சிரித்த முகமாகக் கேட்டுவிட்டு, உங்க உணர்வு புரியுது, பரிசீலிக்கிறோம் என்றார். அப்பா என்னைப் பார்த்து, நான் சொன்னேன்லா என்கிற மாதிரி தலையாட்டினார். மறுநாள் எல்லார் போனிலும் அந்தப் போட்டோ. திட்டத்துக்கு ஊர் மக்கள் மாலை அணிவித்து வரவேற்பு என்று கீழே போட்டிருந்தது. நாங்கள் பேசியதைப் பற்றி ஒரு வரி இல்லை, தீர்மானமும் எழுதவில்லை.

விடவில்லை, நாகர்கோவிலுக்குப் போய்ப் பெரிய ஆபீசில் வரிசையில் நின்று மனு கொடுத்தோம். அங்கே இருந்த பெண் நல்லவள்தான், அப்பாவை உட்காரச் சொன்னாள். மனுவை வாசித்துவிட்டுத் தன் போனில் அந்தப் போட்டோவை எடுத்துக் காட்டி, இது நீங்கதானே ஐயா என்று கேட்டாள். அப்பா ஆமாம் என்றார். வேறு என்ன சொல்ல முடியும். வடசேரியில் பஸ் ஏறியதிலிருந்து நம்ம தோவாளையில் வந்து இறங்குகிற வரைக்கும், மரியாததானே செஞ்சேன், வேற என்ன செஞ்சேன் என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தார். நன்றாக ஏச வேண்டும் என்றுதான் இருந்தேன், அழுகைதான் வந்தது. கோர்ட்டுக்குப் போகலாம் என்கிறாள் லீலாபாய். யார் போவது, யார் அலைவது. அன்றைக்குச் சபைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இப்போது அங்கே கடை கிடைக்குமா என்று விசாரிக்கிறார்கள். உன் ஓட்டு இன்னும் இங்கேதான் இருக்கிறது, தேர்தல் வந்தால் லீவு போட்டு வா என்று சொல்ல ஆசை. எப்போது வரும் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை குளத்தங்கரையில் அடிக்கல் நாட்டுகிறார்களாம். மாலைக்கு நம்ம வீட்டில்தான் வந்து சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குப் போட்ட மாதிரியே வேண்டுமாம், அதிகாரிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்றாம். நீ மால கெட்டாத என்று அப்பா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கட்டாவிட்டால் அடுத்த வீட்டில் கட்டுவார்கள், ஆபீஸ்காரர்களோடு பகைத்துக்கொண்டால் நாளைக்கு ஒரு சர்ட்டிபிகேட்டுக்கும் அதே ஆபீசில்தான் போய் நிற்கவேண்டும். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன் என்று உனக்கு எழுத எவ்வளவோ ஆசையாக இருக்கிறது. சொல்லவில்லை அஜிதா மக்களே. மாலைக்கு அரளிப்பூ கொண்டுவரச் சொல்லிவிட்டேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க அய்யா துணை நிற்பார். குட்டிக்குத் தலைக்கு எண்ணெய் வைக்க மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அப்பாவிடம் குளத்தைப் பற்றி ஒன்றும் கேட்காதே. அந்தப் போட்டோவையும் உன் போனிலிருந்து அழித்துவிடு. அதில் அப்பா சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

இப்படிக்கு
உன் அம்மா
பொ. முத்துக்கனி