பஸ் ஸ்டாண்டு பின்தெருவில் மூன்றாம் மாடி

ஜூன் 3, செவ்வாய்
இன்றும் மினி பஸ் வரவில்லை. ஆட்டோ பிடித்து ஸ்டாண்டுக்குப் போவதற்குள் வேப்பூர் பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த பஸ்ஸில் வேப்பூர் போனால், மெடிக்கல் முதலாளி ஜெயராஜ் அண்ணன் தானே ஷட்டரைத் தூக்கியிருந்தார். "இந்த மாசம் பாக்குறேன் தேவி. அப்புறம் உள்ளூர்லயே ஒரு பார்மசிஸ்ட்ட வச்சுக்குவேன்" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கல்யாணத்துக்கு முன்னிருந்து பார்க்கிற வேலை. விட மாட்டேன். ஸ்டாண்டு பக்கம் வீடு பார்த்தே தீரவேண்டும்.

ஜூன் 5, வியாழன்
இரண்டு வீடு பார்த்தேன். ஒன்றில் படிக்கட்டு முழுக்க வெற்றிலை எச்சில். இன்னொன்றில் சாக்கடை வாடை. வாடகைக்கு விடுகிறவர்கள் ஒரு வாரம் அதில் குடியிருந்து பார்க்கட்டும்.

ஜூன் 7, சனி
கிடைத்தது. கிடைத்த கையோடு போயும் போனது.

ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் ஒரு அபார்ட்மென்ட். குப்பைத் தொட்டிக்கு மூடி இருக்கிறது. குடியிருப்பவர்களே முறை வைத்து சனிக்கிழமைதோறும் படிகளைக் கழுவுகிறார்கள். மூன்றாம் மாடி காலி. அந்த ஜன்னலிலிருந்து வேப்பூர் பஸ் தெரிகிறது! வேறென்ன வேண்டும்?

இவர் செராமிக் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து நேரே வந்தார். மரியாதையாகச் செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு ஏறினார். பாதமெல்லாம் களிமண் பொடி. படியோ ஈரம். திரும்பிப் பார்த்தால் மூன்று மாடிக்கும் வெள்ளை வெள்ளையாய்க் கால்தடம். கிருஷ்ண ஜெயந்திக்கு நான்கூட இவ்வளவு அழகாகப் போட்டதில்லை.

வீட்டு ஓனர் பானுமதியம்மா வாளியும் கையுமாக நின்றிருந்தார். "இப்பதாம்மா கழுவி முடிச்சோம்." அப்புறம், "யோசிச்சு சொல்றோம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

வழியெல்லாம் இவரைத் திட்டினேன். "மரியாதைக்குத்தான கழட்டுனேன்" என்றார். நல்ல மரியாதை.

ஜூன் 8, ஞாயிறு
பேசவில்லை. விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார். கேட்கவில்லை.

ஜூன் 9, திங்கள்
கடையில் இருக்கும்போது பானுமதியம்மா போன்.

"நேத்து உங்க வூட்டுக்காரரு வந்து மூணு மாடியும் துடைச்சிட்டுப் போனாரும்மா. வேணாம்னாலும் கேக்கல. எங்க வூட்டு ஆம்பளைங்க துடப்பத்தத் தொட்டு நான் பாத்ததில்ல. நீங்க வந்துடுங்க. கீழ குழாயில கால கழுவிட்டு மட்டும் ஏறச் சொல்லுங்க."

கவுண்டரிலேயே கண் கலங்கிவிட்டது. தூசி விழுந்துவிட்டதென்று ஜெயராஜ் அண்ணன் ஃபேனை நிறுத்தினார்.

வீட்டுக்கு வந்து, "என்ட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"நீ பேசுனாதான சொல்றதுக்கு."

அநியாயமாகத் திட்டிவிட்டேன், பாவம். ராத்திரி முட்டைக் குழம்பு வைத்தேன்.

ஜூன் 27, வெள்ளி
ஆடி பிறக்குமுன் புது வீட்டில் பால் காய்ச்சியாகிவிட்டது. படி கழுவும் முறைக்கு எங்கள் வீட்டிலிருந்து பெயர் கேட்டார்கள். இவர் பெயரைக் கொடுத்தேன்.

ஜூலை 7, திங்கள்
ஜெயராஜ் அண்ணன் கடைச் சாவி ஒன்றை என்னிடமே கொடுத்துவிட்டார். வேறு ஆள் என்ற பேச்சே இல்லை.

ஜூலை 15, செவ்வாய்
காலையில் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன், பழக்கதோஷம். இவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"உக்காந்து குடி. டிரைவரே இன்னும் டீக்கடையிலதான் நிக்கிறாரு."

உட்கார்ந்தேன். டீ இன்னும் சூடாகத்தான் இருந்தது.