அவிட்டத்துக்கும் சம்மதிக்கிற வீடு

கரமனை,
திருவனந்தபுரம்.
ஓணம் கழிந்த செவ்வாய்க்கிழமை.

என் செல்லம் விஷ்ணுப்ரியாவுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். நீ புனேயில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் இங்கே சௌக்கியம் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை, மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். குக்கர் விசில் அப்பா காதில் விழாது, வாசலில் பால்காரன் கத்துவது விழாது, நான் உன்னோடு பேசுவது மட்டும் எந்த மூலையில் இருந்தாலும் விழும். அதனால் அவர் மத்தியானம் கண்ணை மூடுகிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே.

ஆடி மாசத்துக் கர்க்கடக மழையில் அப்பா பாத்ரூமில் விழுந்ததும், நெஞ்சில் பேஸ்மேக்கர் மெஷின் வைத்ததும், நீ லீவு போட்டு ஓடிவந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததும் இருக்கட்டும். நீ ரயில் ஏறின வாரமே வீட்டுக்காரர் வெங்கடசுப்ரமணியன் சாத்துக்குடியும் ஆப்பிளுமாக வந்தார். ஆகா, மனுஷனுக்கு எத்தனை பிரியம் என்று நானும் அசடு மாதிரி காப்பி கலந்து கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, மாமா, மாடி ஒழுகறது, மொத்தமா வேலை பண்ணணும், துலா மாசத்துக்குள்ள, அதான் ஐப்பசிக்குள்ள, ஒழிச்சுக் குடுத்தேள்னா உபகாரமா இருக்கும் என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டு ஒழுகாத மாடி, நமக்குத் தெரியாமல் எங்கே ஒழுகிற்றோ. அப்பா சரி என்று தலையை ஆட்டிவிட்டார், அவருக்கு யாரிடமும் கெஞ்சி வழக்கமில்லை.

உண்மைக் காரணத்தை அவருடைய பாரியாள் பத்மஜாதான் காய்கறிக் கடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மாமி, தப்பா நினைச்சுக்காதீங்கோ, எங்க பொண்ணு கல்யாணமாகி அந்த ஆத்துலதான் குடித்தனம் வெக்கப் போறா, மாமாவுக்கு அவிட்டம் சதயத்துல ஏதாவது ஆயிடுத்துன்னா ஆறு மாசம் பூட்டிப் போடணுமே என்றாள். உனக்கு இந்த அடைப்பு எல்லாம் தெரியுமோ தெரியாதோ, நீ இத்தனை வருஷம் இருந்த பட்டாளத்தில் யார் பார்க்கிறார்கள். அவிட்டத்திலிருந்து ரேவதி வரை உள்ள ஐந்து நட்சத்திரத்தில் ஒருவர் போனால் அந்த வீட்டை மாசக்கணக்கில் அடைத்துப் போடுவது நம்மவர்களிடம் உண்டு. சொந்த வீடானால் அது நம் பாடு. வாடகை வீட்டில் அதற்கு யார் சம்மதிப்பார்கள்? அவள் கையை உதறிவிட்டு வரவேண்டும் போல இருந்தது, உதறவில்லை, முருங்கைக்காயைப் பொறுக்கிக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னால் அவர் சிரிக்கிறார். நல்ல நட்சத்திரம் பார்த்துத்தான் போவேன்னு முத்திரப் பத்திரத்துல எழுதிக் குடுத்துடட்டுமா விஜயம் என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லையடி, அடுக்களைக்குள் போய் அழுதேன்.

பிறகு வீடு தேடின கதை. ஷிபு என்று ஒரு புரோக்கர், ஸ்கூட்டரில் வருவான், நல்லவன்தான், ஆனால் வாயைத் திறந்தால் பொய். முதல் நாளே, சாருக்கு அறுபத்தஞ்சுன்னு சொல்லணும் கேட்டோ அம்மா, பின்னே தலைக்கு டை அடிச்சா கொள்ளாம், நல்லா இருக்கும் என்றான். அப்பா அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஸ்கூட்டரை நகர்த்திக்கொண்டான். நாங்கள் போன வீட்டிலெல்லாம் அப்பாவின் ஊன்றுகோலைத்தான் முதலில் பார்க்கிறார்கள், அப்புறம்தான் முகத்தை. ஒருத்தர் ஏற்கெனவே ஆள் வந்தாச்சு என்பார், இன்னொருத்தர் பையன் லீவுக்கு வருகிறான் என்பார். எங்கள் முகத்துக்கு நேரே ஒருத்தரும் காரணத்தைச் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஆரியசாலையில் ஒரு வீடு. மளிகை மொத்தக் கடை வைத்திருக்கிற தங்கபாண்டி என்பவருடையது, திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர். கீழ் வீடு, காற்று வரும், பைப்பில் தண்ணீர் உண்டு, எனக்குப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. ஷிபு அப்பாவை ஆட்டோவிலேயே உட்கார வைத்துவிட்டான். எத்தனை பேர் என்று தங்கபாண்டி கேட்டதும், அம்மா மாத்ரம்தான், சார் மகளோட புனேயில இருக்கார், வல்லப்போழும், எப்பவாவது வருவார் என்று ஷிபு கூசாமல் சொன்னான். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வாசற்கதவு தெருவைப் பார்த்துத் திறந்திருந்தது, பேச்சு ஆட்டோ வரை கேட்டிருக்கிறது. அப்பா கோலை ஊன்றிக்கொண்டு இறங்கி உள்ளே வந்தார். நான்தான் அந்த சார், எழுபத்தெட்டு வயசு, நெஞ்சுல மெஷின் வெச்சிருக்கு, இங்க குடி வந்தா இங்கேர்ந்துதான் போவேன், சம்மதமான்னு சொல்லுங்கோ என்றார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல ஆயிற்று. தங்கபாண்டி நாற்காலி போட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கையைக் கூப்பினார். ஐயா, நீங்க உள்ளத உள்ளபடி சொன்னீங்க, அது பெரிய மரியாத, ஆனா எங்க வீட்டுல ஒத்துக்கிட மாட்டாங்க என்றார். அவர் ஒருத்தர்தான் உண்மையைச் சொன்னார், அதற்காக அவரை நான் திட்டவில்லை. வெளியே வந்ததும் ஷிபு, சாரே, இங்ஙனெ சத்தியம் பறஞ்சா எனிக்குக் கஞ்சி குடிக்கண்டே, இப்படி உண்மை பேசினால் அவன் பிழைக்க வேண்டாமா, என்று கேட்டுவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனவன்தான், அப்புறம் போனை எடுப்பதில்லை.

பிரியா, உன் வேலை விஷயத்தில் அப்பா உன்னிடம் எப்படி நடந்துகொண்டார் என்று எனக்குத் தெரியாதா என்ன. நீ மேஜர் ஆனபோது ஊர் முழுக்கச் சொன்னவர், நீ யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு வீடு பார்த்துக் கொடுக்கிற கம்பெனியில் சேர்ந்ததும் வாயை மூடிக்கொண்டார். இன்றைக்கும் கோயிலில் யாராவது கேட்டால் பெண் ஆர்மியில் இருக்கிறாள் என்றுதான் சொல்கிறார். எங்களுக்கு அங்கே ஒரு ஃபிளாட் பார்க்கிறேன் என்று நீ சொன்னதற்கு, தரகுப் பணத்தில் வாங்கின வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று சொன்ன வாய் அது. விஷுவுக்கு நீ போன் பண்ணினபோது ஒரு சுபேதார் கதை சொன்னாயே, கிட்னி போய் வாரம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தவர், யாரும் வீடு கொடுக்கவில்லை, நீ வியாதியை முதலில் சொல்லிவிட்டுத்தான் வீட்டைப் பற்றியே பேசினாய், கடைசியில் ஒரு வீட்டுக்காரர் சம்மதித்தார், பட்டாளத்தை விட்ட பிறகு அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொன்னாயே. ஸ்பீக்கரில்தான் பேசினோம், அப்பா அப்போது டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் நான் நினைத்தேன்.

ஆரியசாலையிலிருந்து வந்த மறுநாள் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஆறி ஆடை படியும் வரை குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம், விஜயம், பிரியா பண்றதும் இந்த ஷிபு பண்றதும் ஒரே வேலைன்னு நினைச்சுண்டிருந்தேன் என்றார். காப்பியைக் கீழே வைத்தார். அவளுக்கு எழுது, எந்த ஊரானாலும் சரி, கீழ் வீடா ஒண்ணு பார்க்கச் சொல்லு, என் வயசையும் வியாதியையும் முதல்லயே சொல்லிடணும், அவிட்டத்தைப் பத்தியும் சொல்லிடணும், எல்லார்கிட்டேயும் வாங்கறாப்போல நம்மகிட்டேயும் கமிஷன் வாங்கிக்கணும், ஒரு பைசா குறைக்கப்படாது என்றார். பிறந்து வளர்ந்த ஊரை விட்டு ஒரு ராத்திரி தங்க மாட்டேன் என்கிறவர் எந்த ஊரானாலும் சரி என்கிறார். நீ கேட்டால் சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன், ஆனால் எழுதினதும் பேனாவை மூடிவைத்துவிட்டு, அவர் தூங்குகிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. வெளியே சுற்றுகிற வேலை, தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு போ, ஹெல்மெட் போடாமல் வண்டியை எடுக்காதே, ராத்திரி பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு வாய் மோர் சாதமாவது சாப்பிடு. துலா மாசம் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும், அதையும் மனசில் வை. பத்மநாப சுவாமி உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். அப்பாவும் ஆசீர்வாதம் எழுதச் சொன்னார், நானாகச் சேர்க்கவில்லை, அவரேதான் சொன்னார்.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அம்மா விஜயம்

இதை ஒட்டப் போகிற நேரத்தில் அப்பா எழுந்துவிட்டார், ஒன்று விட்டுப்போயிற்று என்கிறார். அந்த சுபேதார் கடைசிவரை அந்த வீட்டிலேயே இருந்தாரா, அங்கிருந்துதான் போனாரா, வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லையா என்று உன்னைக் கேட்கச் சொல்கிறார். மற்றதற்கெல்லாம் மெதுவாகப் பதில் போடு, இதற்கு மட்டும் உடனே எழுது.