பாண்டி உயிரோடு வேண்டும்

2024 ஆகஸ்ட் 9

மழை. ஏலக்காய் எடுப்பு இல்லை. கங்காணி நான் சும்மா இருக்கிறேன். லயத்து வீடுகளில் வாய்கள்தான் சும்மா இல்லை. எல்லாம் பாண்டி பேச்சு. என் தம்பி பெரியமுத்துவைப் போடிமெட்டு வளைவில் வெட்டிப்போட்டவன். அதைப் பார்த்தவர் யாருமில்லை. ரத்த அரிவாளோடு வந்தவனைச் செக்போஸ்டில் தடுத்த கான்ஸ்டபிளையும் வெட்டி, வண்டியைப் போட்டுவிட்டு மலைக்குள் ஓடிவிட்டான்.

சாயங்காலம் எஸ்.ஐ. ஜீப்பை நிறுத்தி, "சேச்சி, சமாதானமா இருங்க. அவன் இனி கோர்ட்டு வாசல் காணமாட்டான்" என்றார். ஆறுதல் சொல்கிறாராம்!

"சுட்டுட்டா கேஸு முடிஞ்சது சார். எந்தம்பிய ஏன் வெட்டுனான்னு அப்புறம் யாரு சொல்லுவா? நீங்களா?"

"என் ஆளுக்கு ரெண்டு விரல் போச்சு. அடுத்தது கழுத்துன்னா, அவன் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது?"

அதுவும் நியாயம்தான். அரிவாளோடு பாய்கிறவனைச் சுடட்டும், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் கொல்வதென்று முடிவு கட்டிவிட்டுத் தேடப் போகலாமா? பாண்டி மேல் எனக்கென்ன இரக்கம், மண்ணாங்கட்டி! அவன் வாயால் காரணம் கேட்கணும். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 10

தம்பி பொண்டாட்டி முருகேஸ்வரி இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இன்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவன் சாகட்டும் மதினி. உயிரோட வந்தா கோர்ட்டுல வாயத் திறப்பான். ஊரு சொல்றதையே அவனும் சொல்லிட்டா?"

ஊர் சொல்வது இதுதான்: என் தம்பிக்கும் பாண்டி பொண்டாட்டிக்கும் தொடுப்பாம். என் தம்பியாவது, அப்படிப் போவதாவது! ஏழு ஜென்மத்துக்கும் மாட்டான்.

மாட்டான்தானே?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

காலையில் பார்த்தால் மேல் ஸ்டோர் புகைபோக்கியில் புகை! காய் எடுத்தால்தானே உலர்த்த அடுப்பு மூட்டுவோம்? காய் இன்னும் செடியில் கிடக்கிறது. மலையில் பிறந்தவன் எவனும் இந்தக் கூத்தைச் செய்யமாட்டான். கீழே போடியில் பிறந்த பாண்டிதான் குளிர் தாங்காமல் மூட்டியிருக்கிறான். போலீஸ் கண்ணில் படுவதற்குள் போகணும் என்று தோன்றியது. ஆனை வந்தால் கூவுகிற கூவலைக் கூவினேன். லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். ஒருத்தியும் திரும்பிப் போகவில்லை, மகராசிகள்.

ஸ்டோர் வாசலில் நின்று கத்தினேன். "டேய் பாண்டி! அருவாள வெளிய வீசு. எங்க நடுவுல வந்தா உயிரோட இறங்குவ. தனியா ஓடுனா உன் தலையெழுத்து."

"அக்கா, எனக்கு ஈரக்குலையே நடுங்குது" என்றாள் பக்கத்தில் நின்ற மாரீஸ்வரி. எனக்கு மட்டும் இல்லையாக்கும்!

அப்புறம் அரிவாள் சேற்றில் வந்து விழுந்தது. காய்ச்சலில் கண் சிவந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். துண்டால் அவன் கையைப் பின்னால் கட்டினோம். ஆனை நடமாட்டம் இருந்தால் பிள்ளைகளை நடுவில் விட்டுச் சுற்றி நடப்போமே, அப்படியே அவனை நடத்திக்கொண்டு இறங்கினோம்.

தகரச் சத்தம் கேட்டு வந்த எஸ்.ஐ. ரோட்டில் துப்பாக்கியோடு நின்றார். "சேச்சி, மாறுங்க!"

"விலங்கோட வாங்க சார், மாறுறேன்."

என்னை முறைத்துக்கொண்டே துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு விலங்கைக் கேட்டு வாங்கினார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

ஆகஸ்ட் 12

முருகேஸ்வரி என் முகத்தில் விழிக்கவில்லை.

2025 நவம்பர் 19

தொடுபுழை கோர்ட். ஜட்ஜ் கேட்டதும் பாண்டி தலையைக் குனிந்தபடி சொன்னான். குடித்திருந்தானாம். வளைவில் பெரியமுத்து இவன் வண்டிக்கு வழி விடவில்லையாம். வாய்ச்சண்டை முற்றி வெட்டிவிட்டானாம். முன்பகை உண்டா, குடும்பத் தகராறா என்று வக்கீல் கிண்டிக் கிண்டிக் கேட்டார்.

"அந்தாள அன்னைக்கு முன்ன நான் பார்த்ததே இல்லீங்க."

இவ்வளவுதானா? இதற்கா என் தம்பி செத்தான்? பக்கத்தில் முருகேஸ்வரி கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

இத்தனை நாள் அழாதவள், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் வெடித்தாள். "ஒரு வண்டிக்கு ஒதுங்கி விட்டா என்ன கொறஞ்சு போவாரு மதினி? வீம்பு! வீம்பு பிடிச்சே செத்தாரே, கிறுக்குப்பிடிச்ச மனுசன்!" தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். அடிமாலி தாண்டியும் என் தோளில் சாய்ந்துகொண்டு புருசனை வாய் நிறையத் திட்டிக்கொண்டே வந்தாள்.