கீழே இறங்கிய முள்

ஜூலை 7, திங்கள்
காலையிலேயே வெயில். டயருக்குக் காற்று அடிக்க வேண்டும். ஏசி வேனை முதலாளி ரிஸ்வானிடம் கொடுத்துவிட்டார். அவன் வேலைக்கு வந்து நாலே மாதம். எனக்கு ஒன்பது வருடம், அதே ஓட்டை வேன். சீகிரியா ஹோட்டலில் டூரிஸ்ட் எல்லாருக்கும் அவன் சிரிப்பு பிடிக்கிறதாம். வயிறு எரிகிறது.
சோப். மகளுக்குப் பள்ளிக்கூடக் கொப்பி இரண்டு.

ஜூலை 9, புதன்
ஏசி வேன் நின்ற இடத்தில் ஈரம். குனிந்து பார்த்தேன். வாட்டர் பம்ப் ஓரமாக ஒழுகல். யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் ரிஸ்வான் வந்தான்.
"அண்ணே, ஏத்தத்துல சூடு காட்டுற முள்ளு மேல போச்சு, பொறவு பொட்டுனு கீழ வந்துருச்சு. ஏன்?"
எனக்குத் தெரியும். தண்ணீர் குறைந்தால் சென்சர் காற்றில் நிற்கும், சூட்டைக் குறைத்துக் காட்டும். உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்.
"கீழ வந்தா ஆறிருச்சுன்னு அர்த்தம். பயப்படாம ஓட்டு," என்றேன்.
நிம்மதியாகப் போனான், மடையன். காலையில் இன்ஜின் சூடாகுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் பார்த்தால் போதும். ஒரு நிமிட வேலை.

ஜூலை 11, வெள்ளி
ரிவர்ஸ்டன் மலை ஏற்றத்தில் ஏசி வேன் நின்றுவிட்டதாம். இன்ஜின் ஜாம். வெள்ளைக்காரக் குடும்பம் நடுரோட்டில், காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு. நினைத்து நினைத்துச் சிரித்தேன். பகல் சாப்பாட்டுக்குக் கொத்து ரொட்டி, நன்றாக இறங்கியது.

ஜூலை 12, சனி
கராஜ். சென்சர்தான் பழுது என்று ரிஸ்வான் அழாத குறை. மெக்கானிக் அதைக் கழற்றி, கேத்தல் வெந்நீரில் வைத்து மீட்டர் பிடித்தார். சூட்டுக்கேற்ப எண் மாறியது.
"சென்சர் நல்லாத்தான் இருக்கு. தண்ணி பாக்காம ஓட்டியிருக்கான்."
முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஒம்போது வருஷமா ஓட்டுற, நீ சொல்லு."
"தெனம் தண்ணி பாக்குறது டிரைவர் வேலைதானே, முதலாளி." பொய் இல்லை.
அங்கேயே அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அவன் மனைவிக்கு ஏழு மாதமாம். எனக்கென்ன.

ஜூலை 14, திங்கள்
தூறல். பஸ் ஸ்டாண்டில் ரிஸ்வான். நழுவப் பார்த்தேன், கண்டுவிட்டான். கலேவெலயில் மரக்கறி லொறிக்கு ஆள் கேட்கிறார்களாம், விசாரிக்கப் போகிறான்.
"அண்ணே, நீங்க சொல்லித்தான் ஓட்டினேன்னு முதலாளிக்கிட்ட நான் வாயே தொறக்கல. ஒங்க வேலையும் போயிரும். நீங்களும் தெரியாமத்தானே சொன்னீங்க."
"ஆமா, தெரியாமத்தான்," என்றேன்.
டீ அவன்தான் வாங்கிக் கொடுத்தான்.