ஹரிதா பெயரில் என் வரி

ஜூன் 9, திங்கள்

நாங்கள் செய்துகொடுத்த கிளினிக் வெப்சைட்டின் பதிவுப் படிவத்தைப் பற்றி இன்று புகார். கை நடுங்குவதால் மவுஸ் பிடிக்க முடியாத ஒரு பெரியவர், டேப் கீயைத் தட்டித் தட்டியே நிரப்புகிறவர். எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்றே தெரியவில்லையாம். பிரவுசர் தானாகப் போடும் நீல வளையத்தைக் காணோம்.

காணோமா? நான்தான் எடுத்தேன். சேர்ந்த முதல் வாரம், எனக்கு லாகின் வரவில்லை. வளையம் அசிங்கம் என்று கிளையன்ட் சொன்னதால், பக்கத்து சீட் ஹரிதா டீ குடிக்கப் போன நேரம் அவள் லேப்டாப்பில், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் ஃபைலில் ஒரு வரி எழுதி அனுப்பினேன். அடங்குமோ அடங்காதோ என்ற பயத்தில் பின்னால் ‘இம்பார்ட்டன்ட்’ வேறு. அது இருந்தால் சாதாரணமாக எழுதும் எதுவும் எடுபடாது.

ஜூன் 10, செவ்வாய்

ஹரிதா பச்சை வளையம் போட்டுப் பார்த்தாள். வரவில்லை. டீம் லீட் பஞ்சாபகேசன் அந்த வரியைத் தேடிப் பிடித்துவிட்டார்.

“ஹிஸ்டரில உன் பேர்தானேம்மா இருக்கு? இப்படி அடிச்சு எழுதினா அப்பறம் நாமளே மாத்த முடியாதுன்னு தெரியாதா?”

“எழுதின ஞாபகமே இல்ல சார்.”

அவளை நிரந்தரமாக்கும் கடிதத்தை நிறுத்தி வைத்துவிட்டார். எனக்கும் அடுத்த வாரம் அதே கடிதம் வரவேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 11, புதன்

“ஏட்டி லிசா, தட்டப் பாத்துக்கிட்டு என்னத்த யோசிக்க?” என்றாள் அம்மா. ஒண்ணுமில்லம்மா என்றேன். ஒண்ணுமில்லையா?

ஜூன் 12, வியாழன்

சரிசெய்யும் வேலை என்னிடமே வந்தது! என் வரியை அழித்துவிட்டு, டேப் வந்து நிற்கும் கட்டத்துக்குப் பச்சை வளையம் என்று சாதாரணமாக ஒரு வரி எழுதினேன். வந்துவிட்டது. பிரவுசர் தானாகப் போடுவது, நாம் சும்மா எழுதினாலே வழிவிட்டுவிடும். அன்றைக்கும் அப்படி எழுதியிருந்தால் போதும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியிருக்கிறேன்.

படிவம் சரி. ஹரிதா? மதியம் பாத்ரூமிலிருந்து கண் சிவந்து வந்தாள். பாவி, நானெல்லாம் ஒரு மனுஷியா?

ஜூன் 13, வெள்ளி

சொல்லிவிடுவது என்று சயானில் ரயில் ஏறினேன். ஆபீஸ் இருக்கும் முலுண்ட் வருவதற்குள் மூன்று தடவை மனசு மாறியது. கடைசியில் பஞ்சாபகேசன் முன்னால் போய் நின்றுவிட்டேன் — “அவ லேப்டாப்ல எழுதினது நான்தான் சார்.”

சாயங்காலம் ஹரிதாவுக்குக் கடிதம் வந்தது. என்னுடையது மூன்று மாதம் தள்ளிப்போனது. அதுகூடத் தாங்கிக்கொள்ளலாம். அவள் கேட்டதுதான் — “பக்கத்துலயே உக்காந்திருந்தியேடி, ஒரு தடவகூட சொல்லத் தோணலியா?”

ஜூன் 16, திங்கள்

டீ குடிக்கப் போகும்போது ஹரிதா லேப்டாப்பை மூடிக் கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.